பழைய வீடு வாங்கப் போகிறீர்களா? தூணைத் தட்டுவதற்கு முன் தாய்ப்பத்திரத்தைக் கேளுங்கள்

கும்பகோணத்தில் நாங்கள் இப்போது குடியிருக்கும் வீட்டை முதல் தடவை பார்க்கப் போனது ஒரு பங்குனி மதியம். வெளியே தார் ரோடு கொதிக்கிறது, திண்ணை ஏறி ரேழியைத் தாண்டிக் கூடத்தில் கால் வைத்தால் தரை சில்லென்று இருக்கிறது. முற்றத்துக்கு மேலே சதுரமாக வானம், நாலு மரத்தூண், உத்திரத்தில் ஊஞ்சல் மாட்டிய கொக்கி. என் மனைவி அங்கேயே முடிவு செய்துவிட்டாள், நானும்தான். அந்த நிமிடம் அட்வான்ஸ் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். கூட வந்திருந்த சித்தப்பா முப்பது வருஷம் பத்திர எழுத்தராக இருந்தவர். அவர் தூணையும் பார்க்கவில்லை, முற்றத்தையும் பார்க்கவில்லை. தரகரிடம், "தாய்ப்பத்திரம் ஜெராக்ஸ் இருக்காப்பா?" என்று மட்டும் கேட்டார். சொத்து முன்பு யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று காட்டும் மூலப் பத்திரம்தான் அது.

அந்தக் கேள்விக்குப் பதில் முழுசாகக் கிடைக்க ஏழு மாதம் ஆனது. ஒழுகுகிற கூரையைக் கொத்தனாரை வைத்துச் சரி செய்துவிடலாம், கரையான் தின்ற கட்டையை மாற்றிவிடலாம். ஆனால் கையெழுத்துப் போடாத ஒரு வாரிசை எந்தக் கொத்தனாராலும் பூசி மறைக்க முடியாது. அதனால் காகிதம் முதலில், கட்டடம் அப்புறம், விலை கடைசியில் என்ற வரிசையில்தான் இதை எழுதுகிறேன். பெரும்பாலானவர்கள் தலைகீழாகப் போகிறார்கள். டெல்டா ஊர்களின் ஓட்டு வீட்டையும் மெட்ராஸ் டெரஸ் என்ற தட்டைக் கூரை வீட்டையும் மனதில் வைத்து எழுதினாலும், காகித விஷயத்தில் பெரும்பகுதி தமிழ்நாடு முழுக்கப் பொருந்தும்.

முதலில், இது உங்களுக்குச் சரிப்படுமா

பழைய வீட்டின் சுகம் உண்மையானது. ஒன்றரை அடி சுவரும் சுண்ணாம்புக் காரையும் வெயிலை உள்ளே விட நேரம் எடுத்துக்கொள்ளும். முற்றம் வழியாகச் சூடான காற்று மேலே போய்விடும். எங்கள் கூடத்தில் சித்திரை மாதம் வரை மின்விசிறியே போதும். அடுக்குமாடியில் பிரிக்கப்படாத பங்கு என்று ஒரு துண்டு நிலம்தான் உங்கள் பேரில் வரும், இங்கே தெருவாசல் முதல் கொல்லைக் கடைசி வரை மண் முழுக்க உங்களுடையது. கோயில், குளம், காய்கறிக் கடை, பஸ் ஸ்டாண்டு எல்லாம் நடக்கிற தூரம். இன்றைய விலைக்கு அந்தத் தேக்கை வாங்கவே முடியாது.

தொல்லையும் அதே அளவுக்கு உண்மை. இருபது அடி அகலம், நூற்றைம்பது அடி நீளம் என்று ரயில் பெட்டி மாதிரி இருக்கும், நடு அறைகளில் பகலிலும் விளக்குப் போட வேண்டும். கார் நிறுத்த இடம் கிடையாது. கழிவறை கொல்லைக் கடைசியில். ஒவ்வொரு நிலைவாசலிலும் ஒரு படி, முட்டி வலிக்காரருக்கு அது தினமும் வேதனை. வருஷா வருஷம் மழைக்கு முன்னால் கூரை ஏறிப் பார்க்க வேண்டும். வெளிநாட்டில் இருந்துகொண்டு பூட்டி வைக்கலாம் என்று நினைப்பவர்கள் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். ஆள் புழங்காத ஓட்டு வீடு இரண்டு மூன்று மழையிலேயே கெட ஆரம்பித்துவிடும். கையில் இருக்கும் பணம் முழுவதையும் விலைக்கே கொடுத்துவிட்டுப் பழுதுபார்க்க ஒன்றும் மிச்சம் வைக்காதவர்களுக்கும் இதே பதில்.

படி 1: மண் யாருடையது

கோயில் ஊர்களில் இதுதான் முதல் கேள்வி. வீடு ஒருவருடையதாக இருக்கும், அது நிற்கிற அடிமனை கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தமாக இருக்கும். மூன்று தலைமுறையாகக் குடியிருப்பார்கள், வரி கட்டுவார்கள், ஈபி கார்டு அவர்கள் பேரில் இருக்கும், கேட்டால் "எங்க தாத்தா காலத்து வீடு" என்பார்கள். பொய் சொல்வதில்லை, அவர்கள் அப்படித்தான் நம்புகிறார்கள். ஆனால் அவர்களால் விற்க முடிவது மேல்கட்டுமானத்தை மட்டும்தான். அறநிலையத் துறை ஆணையரின் ஒப்புதல் இல்லாமல் கோயில் நிலத்தை விற்றால் 1959-ம் ஆண்டு அறநிலையச் சட்டப்படி அந்த விற்பனையே செல்லாது. அடிமனை வாடகை ரசீது ஒன்று கண்ணில் பட்டாலும், பத்திரத்தில் "மேல்கட்டுமானம் மட்டும்" என்ற சொல் வந்தாலும், அங்கேயே நின்று விசாரியுங்கள். வாடகையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சம்மதம் என்றால் அது உங்கள் முடிவு, ஆனால் மண்ணுக்கான விலையைக் கொடுத்துவிடாதீர்கள், வங்கிக் கடனையும் நம்பாதீர்கள்.

எப்படிப் பார்ப்பது? நகரத்துக்குள் என்றால் நகர நில அளவைப் பதிவேட்டின் நகல், கிராமம் என்றால் பட்டாவும், கிராமத்து நில விவரம் இருக்கும் அ-பதிவேடும். அரசின் இணையதளத்தில் சர்வே எண் கொடுத்தால் யார் பேரில் இருக்கிறது, என்ன வகைப்பாடு என்று வந்துவிடும். அதோடு நிற்காமல் அந்தப் பகுதிக் கோயில் அலுவலகத்துக்கு நேரில் போய், இந்தக் கதவு எண் உங்கள் வாடகைப் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். அரை நாள் வேலை.

இன்னொரு விஷயம். தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில், தஞ்சைப் பெரிய கோயில் மாதிரி மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம் பக்கத்தில் இருந்தால், அதன் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்ட முடியாது, பழுதுபார்க்கவும் அனுமதி வாங்க வேண்டும். அதற்கு அடுத்த 200 மீட்டரிலும் அனுமதி இல்லாமல் கட்ட முடியாது. மாடி எடுக்கும் ஆசை இருந்தால் இதைத் தெரிந்துகொண்டு பேரம் பேசுங்கள்.

படி 2: யாரெல்லாம் கையெழுத்துப் போட வேண்டும்

வில்லங்கச் சான்று, அதாவது ஈசி, குறைந்தது முப்பது வருஷத்துக்கு எடுங்கள். இணையத்தில் கிடைப்பது போதாதென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய புத்தகத்தைப் புரட்டச் சொல்லி மனு போடுங்கள். ஈசியில் பதிவான பத்திரங்கள் மட்டும்தான் தெரியும் என்பதை மறக்கக் கூடாது. பதியாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, நடந்துகொண்டிருக்கும் வழக்கு எதுவும் அதில் பெரும்பாலும் வராது. அதனால் குடும்ப மரம் ஒன்றைக் காகிதத்தில் வரையுங்கள். கடைசியாகப் பத்திரம் யார் பேரில் இருக்கிறதோ அவரில் தொடங்கி, அவருக்கு யார் யார் வாரிசு, இருக்கிறவர் யார், போனவர் யார் என்று.

ஏழு மாதம் ஆனது இங்கேதான். எங்களுக்கு விற்றவர்கள் அண்ணன் தம்பி மூன்று பேரும் ஒரு அக்காவும், அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். நாலு பேரும் கையெழுத்துப் போடத் தயார், வாரிசுச் சான்றிதழிலும் நாலு பேர்தான். சித்தப்பா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, அப்பா இறந்த தேதிக்குக் கீழே விரலை வைத்து, "அன்னைக்கு இவரோட அம்மா இருந்தாங்களா?" என்றார். இருந்திருக்கிறார். அதற்கப்புறம் இரண்டு வருஷம் கழித்துத்தான் பாட்டி போயிருக்கிறார். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உயில் எழுதாமல் இறந்தவரின் சுய சம்பாத்தியத்தில் மனைவிக்கும் மகன், மகள்களுக்கும் சமமாக அவருடைய தாயாருக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கு பாட்டி இறந்ததும் பாட்டியின் மற்றப் பிள்ளைகளுக்கும் போய்விட்டது. அதாவது இவர்களுடைய அத்தைகள் இரண்டு பேர், ஒருவர் திருச்சியில், ஒருவர் நாக்பூரில். அவர்களிடம் பேசி, பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் விடுதலைப் பத்திரம் வாங்கிவரத்தான் அத்தனை நாள் ஆனது. அந்த அத்தைகள் நல்லவர்கள், பணமே கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நியாயம்தான்.

பூர்வீகச் சொத்து என்றால் மகள்களின் உரிமையைத் தனியாகப் பாருங்கள். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25-க்கு முன் கல்யாணம் ஆகாத மகள்களுக்கு மாநிலச் சட்டத் திருத்தமே பங்கு கொடுத்தது. 2005-ல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. அப்பா 2005-ல் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவாகி முடிந்த பாகப்பிரிவினையை இது தொடாது. "அக்காவுக்குச் சீர் செஞ்சாச்சு சார், அவங்க கேக்க மாட்டாங்க" என்று யாராவது சொன்னால், அதே அக்கா சார்பதிவாளர் முன்னால் வந்து அதைச் சொல்லட்டும். மற்ற மதத்தவருக்கு வாரிசுக் கணக்கே வேறு, சொத்து விஷயம் பார்க்கிற வக்கீலிடம் அதைக் கொடுத்துவிடுங்கள். வக்கீலும் உங்கள் வக்கீலாக இருக்க வேண்டும், தரகர் கூட்டிவந்தவர் வேண்டாம்.

பதினெட்டு வயது ஆகாத பிள்ளைக்குப் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி இல்லாமல் வாங்க வேண்டாம். மேஜர் ஆனதும் மூன்று வருஷத்துக்குள் அந்தப் பிள்ளை வந்து விற்பனையை ரத்து செய்யக் கேட்கலாம்.

அசல் பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள். ஜெராக்ஸ் மட்டும் காட்டினால் அசல் எங்கேயோ அடமானத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே பேசுங்கள். நிஜமாகவே தொலைந்திருந்தால், காவல் துறையில் புகார் கொடுத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சான்று வாங்கி, பத்திரிகை விளம்பரமும் கொடுத்த பிறகு மேலே போகலாம்.

படி 3: பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துப் பேசுங்கள்

பழைய தெருக்களில் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்தான். இந்தப் பக்கத்து உத்திரமும் அந்தப் பக்கத்து உத்திரமும் அதே சுவரில்தான் உட்கார்ந்திருக்கும். பத்திரத்தில் "வடபுறச் சுவர் பொதுச்சுவர்" என்று ஒரே ஒரு வரி இருக்கும், அந்த ஒரு வரிக்காகப் பதினைந்து வருஷம் கோர்ட்டுக்கு நடந்தவர்கள் உண்டு. கிணற்றில் பாதி பாத்தியதை, கொல்லை வழியாக நடைபாதை, பக்கத்துத் தாழ்வாரத்துத் தண்ணீர் நம் முற்றத்தில் விழும் உரிமை இதெல்லாமும் அந்தப் பழைய தமிழில் எங்கேயாவது ஒளிந்திருக்கும். நிதானமாக வாசியுங்கள். வாசித்துவிட்டு டேப் பிடித்து அளந்தும் பாருங்கள். பத்திரத்தில் இருக்கும் நீளமும் தரையில் இருக்கும் நீளமும் ஒத்துவராவிட்டால் சர்வேயரைக் கூப்பிட்டு அளந்துவிட்டு மேலே பேசுங்கள்.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்பது உங்கள் திட்டம் என்றால் பொதுச்சுவரை உங்கள் இஷ்டத்துக்குத் தொட முடியாது, புதுக் கட்டடம் 2019-ம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளுக்கும் உட்பட வேண்டும். இப்போது இருக்கிற அளவுக்கு இடம் முழுக்கக் கட்ட முடியுமா என்பதை வாங்குவதற்கு முன்னாலேயே ஒரு பொறியாளரிடம் கேட்டுவிடுங்கள்.

வாடகைக்கு ஆள் இருந்தால், காலி செய்து பூட்டு உங்கள் கைக்கு வந்த பிறகுதான் கிரயம். இதில் தயவு தாட்சண்யம் வேண்டாம்.

படி 4: ஐப்பசியில் ஒரு தடவை பாருங்கள்

பங்குனியில் எந்த வீடும் நன்றாகத்தான் இருக்கும். முடிந்தால் ஐப்பசி அடைமழையில், இரண்டு நாள் விடாமல் பெய்து முடித்த மறுநாள் போய்ப் பாருங்கள். அதுவரை காத்திருக்க முடியாவிட்டால் இரண்டு வாளி தண்ணீரை முற்றத்தில் கொட்டிவிட்டு எந்தப் பக்கம் ஓடுகிறது, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. ஒரு காலத்தில் நாலு படி ஏறிய திண்ணைக்கு இப்போது ஒரு படிதான் இருக்கும். தெரு உயர்ந்தால் முற்றத்துத் தண்ணீர் வெளியே போகாது, வெளித் தண்ணீர்தான் உள்ளே வரும்.

அடுத்தது ஓதம். பழைய சுவர்களில் அஸ்திவாரத்துக்கு மேலே ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு கிடையாது, மண்ணின் ஈரம் சுவர் வழியாக ஏறும். சுண்ணாம்புச் சுவர் அதை மெதுவாக வெளியே விட்டுவிடும், அதனால்தான் நூறு வருஷம் நிற்கிறது. மூன்றடி உயரம் வரை மட்டும் புதுப் பெயின்ட், கூடத்துச் சுவரில் சம்பந்தமில்லாமல் டைல்ஸ், சாமான் எதையாவது சுவரோடு ஒட்டி நகர்த்த முடியாமல் வைத்திருப்பது, இதெல்லாம் கண்ணில் பட்டால் புறங்கையை வைத்துப் பாருங்கள். உள்ளங்கையை விடப் புறங்கைக்குக் குளிர்ச்சி சீக்கிரம் தெரியும்.

படி 5: கூரையும் கட்டையும்

தச்சர் ஒருவரையும் பழைய வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரையும் கூலி கொடுத்துக் கூட்டிப்போங்கள். புதுக் கட்டடம் மட்டுமே கட்டிய பொறியாளர் "இடிச்சிடுங்க சார்" என்றுதான் சொல்வார்.

மெட்ராஸ் டெரஸ் என்றால் தேக்குச் சரங்களை, அதாவது கூரையைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளை, வரிசையாகப் போட்டு, அதன் மேல் சின்னச் செங்கலை மூலைவாட்டில் செங்குத்தாகச் சுண்ணாம்பில் அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டி இறுக்கி, கடைசியில் தட்டோடு பதித்திருப்பார்கள். ஓடு வெடித்துத் தண்ணீர் இறங்கினால் அந்தத் தண்ணீர் நேராகச் சரத்துக்குத்தான் போகும். சரத்தின் நடுப்பகுதி பளபளவென்று இருக்கும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். சுவருக்குள் செருகியிருக்கிற முனைதான் முதலில் அழுகும்.

எங்கள் வீட்டில் தச்சர் ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு சரத்தையும் சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே போனார். டங், டங், டங். ஏழாவது சரம் சுவரைத் தொடும் இடத்தில் பொத் என்றது. ஸ்க்ரூடிரைவரை எடுத்து அழுத்தினார், எந்தத் தடையும் இல்லாமல் பாதிக்கு மேல் உள்ளே போய்விட்டது, வெளியே இழுத்தால் காபித்தூள் மாதிரி கொட்டுகிறது. "தம்பி, இது ரெண்டு சரம் மாத்தணும், மத்தது உங்க பேரன் காலம் வரைக்கும் நிக்கும்" என்றார். அந்த இரண்டு சரத்துக்கான செலவை எழுதி வாங்கி, விலையில் குறைத்துக்கொண்டோம். தட்டிப் பார்க்காமல் வாங்கியிருந்தால் அந்தச் செலவு எங்கள் தலையில்தான்.

ஓட்டு வீடு என்றால் ஓட்டைத் தாங்கும் ரீப்பர் கட்டைகளின் ஈரக்கறை, சுவரோரம் மண் கோடு கோடாக ஏறியிருக்கும் கரையான் பாதை, கூரை முகடு நேர்கோடாக இருக்கிறதா என்பது, இவை மூன்றையும் பாருங்கள். முகடு நடுவில் தொய்ந்திருந்தால் உத்திரம் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

மின்சாரமும் குழாயும் பற்றி யோசிக்கவே வேண்டாம், முழுக்க மாற்றத்தான் வேண்டும் என்று கணக்குப் போட்டுவிடுங்கள். மரப்பட்டையில் ஓடும் பழைய வயரிங்கில் பெரும்பாலும் எர்த் இருக்காது, ஒரு ஏசியும் கீசரும் அதற்குத் தாங்காது. இரும்புக் குழாய் உள்ளே துருப்பிடித்து அடைத்திருக்கும். பாதாளச் சாக்கடை இணைப்பு இருக்கிறதா, செப்டிக் டேங்க்கா என்று மட்டும் கேட்டு வையுங்கள்.

படி 6: விலை

இப்போதுதான் விலை. மண்ணின் மதிப்பைத் தெருவில் சமீபத்தில் பதிவான கிரயங்களை வைத்துப் பாருங்கள். அதில் பழுதுச் செலவைக் கழியுங்கள். கட்டடத்தின் வயதையும் இன்னும் எத்தனை வருஷம் நிற்கும் என்பதையும் பார்த்துத்தான் வங்கி கடன் கொடுக்கும், பல இடங்களில் மண்ணுக்கு மட்டும்தான் மதிப்புப் போடுவார்கள். கும்பகோணத்தின் அடுத்த மகாமகத் திருவிழா 2028-ல் வருகிறது, அதைச் சொல்லி விலையை ஏற்றுகிறவர்களும் உண்டு. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற கூட்டத்துக்காக நீங்கள் வீடு வாங்கவில்லை.

முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9. 40 லட்சம் வீட்டுக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். கிரய விலை, அரசு வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் இந்தக் கணக்கு. 10 லட்சத்துக்குள் இருக்கும் சொத்தைப் பெண்கள் பேரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும் என்று 2025 ஏப்ரல் முதல் வந்திருக்கிறது. 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குகிற நீங்கள்தான் விலையில் 1 சதவீதத்தை டிடிஎஸ் என்ற வரிப் பிடித்தமாகப் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டும். விற்கிற வாரிசுகளில் ஒருவர் வெளிநாட்டில் குடியிருந்தால் அவர் பங்குக்குப் பிடித்தம் இன்னும் அதிகம், ஆடிட்டரைக் கேட்காமல் அவருக்குப் பணம் அனுப்ப வேண்டாம்.

பழுதுக்கு எஸ்டிமேட் எவ்வளவு வந்தாலும் அதில் கால் பங்கைக் கூடுதலாக ஒதுக்கி வையுங்கள். பழைய சுவரைத் தோண்டினால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்.

படி 7: அக்ரிமென்ட், கிரயம், அதற்கப்புறம்

அக்ரிமென்ட்டில் எல்லா வாரிசுகளும் கையெழுத்துப் போட வேண்டும். யார் யாருடைய விடுதலைப் பத்திரம் வர வேண்டும், வராவிட்டால் அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்ப வரும் என்பதையும் எழுதுங்கள். வீட்டு வரி, குடிநீர் வரி, மின் கட்டணம் மூன்றுக்கும் கடைசி ரசீது வாங்குங்கள். கிரயம் முடிந்த கையோடு பட்டா, வீட்டு வரி, மின் இணைப்பு மூன்றையும் உங்கள் பேருக்கு மாற்றிவிடுங்கள். அப்புறம் பார்த்துக்கலாம் என்று விட்டால் அடுத்த தலைமுறைக்கு அதுவே வில்லங்கமாகும்.

குடிபோன முதல் வருஷம் நாங்கள் ஒரு தப்பு செய்தோம். முன்சுவரில் காரை உதிர்கிறது என்று கொத்தனார் சொன்னதைக் கேட்டு, அதைச் செதுக்கிவிட்டுச் சிமென்ட் பூச்சு பூசி எமல்ஷன் அடித்தோம். பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது. இரண்டாவது கார்த்திகையில் பெயின்ட் கொப்பளம் கொப்பளமாகக் கிளம்பியது, வெள்ளையாக உப்புப் பூத்தது, முன்பு இரண்டடியில் நின்றிருந்த ஓதம் நாலடிக்கு ஏறிவிட்டது. சிமென்ட் அடைத்த ஈரத்துக்கு வெளியே வர வழி இல்லை. எல்லாவற்றையும் செதுக்கி எடுத்துச் சுவரை நாலு மாதம் காயவிட்டு, நீற்றிய சுண்ணாம்பும் மணலும் கடுக்காய்த் தண்ணீரும் சேர்த்து மறுபடி பூசினோம். சுண்ணாம்புக்கு அவசரம் கூடாது, காற்றைக் குடித்து மெதுவாகத்தான் இறுகும். அதன் மேல் வெறும் வெள்ளையடிப்புதான், பெயின்ட் இல்லை. கோயில் திருப்பணிகளில் வேலை செய்த ஆட்களை விசாரித்தால் இந்த வேலை தெரிந்தவர்கள் கிடைப்பார்கள்.

அதனால் முதல் வருஷம் அழகு வேலை எதுவும் வேண்டாம். கூரை ஒழுகலை நிறுத்துங்கள், முற்றத்துத் தண்ணீரை வெளியே அனுப்புங்கள், வயரிங்கை மாற்றுங்கள். ஒரு முழு மழைக்காலம் உள்ளே குடியிருந்து எந்தச் சுவர் எப்போது நனைகிறது என்று பார்த்துவிட்டு மற்றதில் கை வையுங்கள். இறக்குகிற ஓட்டில் உடையாததையும், கழற்றுகிற கட்டையில் நல்லதையும் கொல்லையில் செங்கல் மேல் அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடி வையுங்கள். பழைய இரும்புக்காரர் வந்து விலை கேட்பார், கொடுக்காதீர்கள். அடுத்த வருஷம் நாலு ஓடு உடைந்தால் அதே அளவில் கடையில் கிடைக்காது.